டான் கர்னி (1931–2018): எந்தக் காரில் அமர்த்தினாலும் வென்றவர்

நான்காம்கியர் – 16 சனவரி 2018, காலை

ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்னர் அமெரிக்கக் கார்ப் பந்தய ஓட்டுநர் டான் கர்னி காலமானார். நிமோனியா முற்றியதே காரணம் என்று குடும்பத்தார் அறிவித்திருக்கிறார்கள். அவருக்கு வயது 86. இங்கே எழுதுபவர்களில் பெரும்பாலோர் அவருடைய ஓட்டத்தைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. அவர் முழுநேரப் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்ற 1970ஆம் ஆண்டில் நானே பிறக்கவில்லை. ஆனாலும் அவருக்கென நம் மன்றத்தில் ஓர் உரையாடல் இழை இல்லாமல் இந்த வாரம் கடந்துபோவது முறையாகாது என்று தோன்றியதால் எழுதத் தொடங்குகிறேன்.

செய்தித்தாள்கள் எல்லாம் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்ப அச்சிட்டிருக்கின்றன: பார்முலா ஒன், இண்டி கார் (அமெரிக்காவின் ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயம்), நாஸ்கார் (சாதாரணக் கார் வடிவிலான அமெரிக்கப் பந்தயம்), ஸ்போர்ட்ஸ் கார் ஆகிய நான்கு வகைப் பந்தயங்களிலும் வென்ற முதல் மனிதர் அவர். அவருக்குப் பிறகு மாரியோ ஆண்ட்ரெட்டியும் யுவான் பாப்லோ மொண்டோயாவும் மட்டுமே அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். இது உண்மைதான், பெரிய சாதனையும்தான். ஆனால் இந்தக் கணக்கு அவரைப் பற்றிப் பாதியைத்தான் சொல்கிறது என்பது என் எண்ணம். நான்கு வீடுகளிலும் விருந்துண்டு திரும்பியவர் என்று சொல்வதைவிட, ஒரு வீட்டுச் சமையலை அடுத்த வீட்டு அடுப்பில் ஏற்றியவர் என்று சொல்வதே அவருக்குப் பொருந்தும்.

1967 சூன் மாதத்தின் எட்டு நாள்களைப் பாருங்கள். 10, 11 ஆகிய இரு நாள்களில் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயம். சிவப்பு நிற ஃபோர்டு மார்க் 4 காரில் கர்னியும் ஏ. ஜே. ஃபாய்ட்டும் இணைந்து ஓட்டினார்கள். இருவருமே அமெரிக்காவின் முன்னணி ஓட்டுநர்கள், ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஒருவரையொருவர் விஞ்சப் போய்க் காரை முதலில் உடைப்பவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள் என்று பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். அதற்கு நேர்மாறாக, காரை வருத்தாத வேகம் ஒன்றை வகுத்துக்கொண்டு இருவரும் அதிலேயே நின்றார்கள். இரவில் ஃபெராரி ஓட்டிய மைக் பார்க்ஸ், பின்னால் ஒட்டிக்கொண்டு முகப்பு விளக்குகளை அணைத்து அணைத்துக் காட்டிச் சீண்டியபோது, கர்னி வேகத்தைக் கூட்டவில்லை. ஆர்னாஜ் வளைவருகே தடத்தின் ஓரமாகக் காரை நிறுத்தியே விட்டார்! பின்னால் வந்த பார்க்ஸும் நிறுத்தினார். உலகின் மிகக் கடுமையான பந்தயத்தின் நடுவில், இருட்டில், இரண்டு கார்கள் சும்மா நின்றுகொண்டிருந்தன. கடைசியில் பொறுமை இழந்து முதலில் கிளம்பியவர் பார்க்ஸ்தான். கர்னி தன் சீரான வேகத்தில் பின்தொடர்ந்தார். முடிவில் ஃபோர்டு 388 சுற்றுகளை முடித்து, இரண்டாவதாக வந்த அதே பார்க்ஸின் ஃபெராரியை நான்கு சுற்றுகள் பின்தள்ளி வென்றது.

அடுத்த ஞாயிறு, சூன் 18. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், தாமே தொடங்கிய நிறுவனம் கட்டிய ஈகிள் காரில் அமர்ந்து பார்முலா ஒன் கிராண்ட் பிரீயை வென்றார். அந்தக் காலத்து ஸ்பா ஒரு சுற்றுக்கு 14 கிலோமீட்டர் நீளமுள்ள ஊர்ச்சாலை. வீடுகளும் மரங்களும் தந்திக் கம்பங்களும் தடத்தை ஒட்டியே நின்றன. பந்தயத்தின் நடுவே எரிபொருள் அழுத்தம் குறைவதைக் கண்ட கர்னி, பிட்டுக்குள் (தடத்தின் ஓரத்தில் அணிகள் காரைக் கவனிக்கும் இடம்) வந்து குழுவினரிடம் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் தடமேறினார். முன்னணியிலிருந்த ஜிம் கிளார்க்கின் லோட்டசுக்கு ஸ்பார்க் பிளக் தொல்லை கொடுத்தது. ஜாக்கி ஸ்டூவர்ட்டின் பி.ஆர்.எம். காரில் கியர் தானாக நழுவிக்கொண்டிருந்ததால் அவர் ஒரு கையால் கியர்த் தண்டைப் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருந்தது. கர்னி ஒரு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 235 கிலோமீட்டர். தாம் கட்டிய காரிலேயே உலகச் சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீயை வென்ற அமெரிக்கர் அன்றும் அவர் ஒருவரே, இன்றும் அவர் ஒருவரே.

ஒரு வாரம் கூரையுள்ள கனத்த கார், இணை ஓட்டுநர், பொறுமை; மறுவாரம் மெலிந்த ஒற்றை இருக்கைக் கார், தனிமை, முழு வேகம். இரண்டுக்கும் வேண்டிய மனநிலை வேறுவேறு. இந்த இரண்டையும் எட்டே நாள்களில் ஒரே மனிதர் செய்து காட்டினார் என்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அவரிடம் இழுக்கிறது.

மழைத்தடம் – 16 சனவரி 2018, மதியம்

ஆழ்ந்த இரங்கல். சென்ற ஆண்டு மார்ச்சில் ஜான் சர்டீஸ் போனார். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உலகப் பட்டம் வென்ற ஒரே மனிதர். இப்போது கர்னி. பலதுறை வல்லமை என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லிக் காட்டிய தலைமுறை ஒவ்வொருவராக விடைபெறுகிறது.

இருந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை, நண்பர் நான்காம்கியர் பொறுத்தருள வேண்டும். கர்னி 86 கிராண்ட் பிரீ பந்தயங்களில் நான்கை மட்டுமே வென்றார். உலகப் பட்டம் இல்லை. இண்டி கார்களின் தலையாய பந்தயமான இண்டியனாபோலிஸ் 500இல் ஓட்டுநராக ஒருமுறைகூட வெற்றி இல்லை. 1968லும் 1969லும் இரண்டாமிடம், 1970ல் மூன்றாமிடம். அவருடைய பல துறை நாட்டமே இதற்கு விலையாக அமைந்துவிட்டதோ? 1965 முடிந்ததும், சொந்தக் கார் கட்டுவதற்காக அவர் பிராபம் அணியை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு, 1966ல், அதே அணியின் காரில் ஜாக் பிராபம் உலகச் சாம்பியனானார். அதற்கடுத்த ஆண்டு டெனி ஹல்ம் ஆனார். பொறுமையாக அதே இருக்கையில் இன்னும் ஈராண்டு அமர்ந்திருந்தால் ஒரு பட்டமாவது கைகூடியிருக்காதா?

பழையஏடு – 16 சனவரி 2018, மாலை

மழைத்தடம் எழுப்பிய கேள்வி நியாயமானதே. ஆனால் கர்னியின் வெற்றிக் கணக்கை எண்ணும்போது, அந்த நான்கு வெற்றிகள் எங்கெங்கே விழுந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1962ல் பிரான்சின் ரூவன் தடத்தில் போர்ஷே காரில் வென்றார். கார் தயாரிப்பாளர் என்ற முறையில் போர்ஷே பெற்ற ஒரே பார்முலா ஒன் சாம்பியன்ஷிப் வெற்றி இன்றுவரை அதுதான். 1964ல் அதே ரூவனில் பிராபம் அணிக்கு முதல் சாம்பியன்ஷிப் வெற்றியைத் தேடிக் கொடுத்தார். அணியின் பெயருக்குரிய ஜாக் பிராபமே அதுவரை அதைச் சாதிக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மெக்சிகோவில் ஒன்று. நான்காவது ஸ்பாவில், ஈகிளின் முதலும் கடைசியுமான வெற்றி. மூன்று தயாரிப்பாளர்களின் கணக்கைத் தொடங்கி வைத்த கை அது. முதிர்ந்த, சோதித்து முடித்த கார்களில் அவர் அமர்ந்த ஆண்டுகள் மிகக் குறைவு.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன நாள்களும் அவருக்கு அதிகம். 1964 ஸ்பாவில் எல்லோரையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி ஓடிக்கொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கியது. பிட்டுக்கு வந்தார், அங்கே ஊற்றுவதற்கு எரிபொருள் தயாராக இல்லை. வேறு வழியின்றித் திரும்பிப் போனார், கடைசிச் சுற்றில் கார் நின்றுவிட்டது. கொடி விழுந்தபின் வந்த சுற்றில் ஜிம் கிளார்க்கின் காரிலும் எரிபொருள் தீர்ந்து, கர்னியின் காருக்குப் பக்கத்திலேயே அதுவும் நின்றது. இருவரும் பேசிக்கொண்டிருக்கையில்தான், வென்றவர் தாம்தான் என்பது கிளார்க்குக்கே தெரிய வந்தது. 1967ல் ஜெர்மனியின் நூர்புர்கிரிங்கில் கடைசிச் சுற்றுகள் வரை தெளிவான முன்னிலை. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் உடைந்தது.

1968ல் கிளார்க் இறந்தபோது இறுதிச் சடங்கில் கிளார்க்கின் தந்தை கர்னியைத் தனியே அழைத்து, தம் மகன் தடத்தில் அஞ்சிய ஒரே போட்டியாளர் நீங்கள்தான் என்று சொன்னாராம். கர்னியே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தத் தலைமுறையின் தலைசிறந்த ஓட்டுநரிடமிருந்து, அதுவும் அவர் மறைந்தபின், இப்படி ஒரு சான்று வருமென்றால் பட்டம் இல்லாத குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நான்காம்கியர் – 16 சனவரி 2018, இரவு

பழையஏடு ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிராபம் அணியில் இருந்திருந்தால் பட்டம் கிடைத்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. மழைத்தடத்தின் கணக்கு சரியான கணக்கே. ஆனால் கார் கட்டும் ஆசையை அவரிடமிருந்து கழித்துவிட்டால் மிஞ்சுபவர் கர்னி அல்லர், வேறு யாரோ ஒருவர். கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் சேசி (காரின் உடற்சட்டம்), இங்கிலாந்தின் ரை ஊரில் ஹாரி வெஸ்லேக்கின் பட்டறையில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் என்று இரண்டு கண்டங்களில் வேலையைப் பிரித்துக்கொண்டு, குறைந்த பணத்தில் ஓர் அணியை நடத்தும் துணிவு, வெறும் ஓட்டுநராக இருப்பவருக்கு வராது. அடர்நீல வண்ணமும் கழுகு மூக்கும் கொண்ட அந்தக் காரைப் படத்தில் கண்டவர்கள், பந்தயக் கார்களில் இதைவிட அழகானது உண்டா என்று இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்த வாதத்தில் ஈகிள் பக்கம்தான்.

காற்றுக்கூடம் – 17 சனவரி 2018, காலை

இந்த இழையில் ஓட்டுநர்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை; நான் காற்றியக்கவியல் படித்தவன். ஆனால் கர்னி ஃபிளாப் என்ற இறக்கைப் பட்டையைப் பற்றி யாரும் விரிவாக எழுதாமல் விட்டுவிடுவார்களோ என்ற கவலையால் எழுதுகிறேன்.

1971ல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் தடத்தில் பாபி அன்சர் புதிய ஈகிள் இண்டி காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள்களாக என்ன மாற்றியும் வேகம் வரவில்லை. அலுத்துப்போன அன்சர், ஏதாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள் என்று கர்னியிடமே கேட்டார். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில், அலுமினியத் தகட்டை வளைத்து ஒரு பட்டையாக்கி, காரைத் தரையோடு அழுத்தும் பின்னிறக்கையின் பின்விளிம்பில் செங்குத்தாக நிற்கும்படி ரிவெட் அடித்தார்கள். அன்சர் ஓட்டிவிட்டு வந்தார். சுற்று நேரம் ஒன்றும் குறையவில்லை. ஆனால் பிட்டில் மற்றவர்கள் நடமாடுவதைக் கண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் சொன்ன செய்தி வேறு: பின்சக்கரங்கள் இப்போது தரையில் ஒட்டிக்கொண்டுவிட்டன, அதனால் முன்பக்கம்தான் வளைவில் வழுக்குகிறது. முன்னிறக்கையைச் சரிசெய்தால் போதும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதுதான் சுவையான பகுதி. இறக்கையின் விளிம்பில் குறுக்கே ஒரு தகட்டை நிறுத்தினால் காற்றுத்தடை கூடி வேகம் குறையும் என்றுதான் பாடம் படித்த எவனும் சொல்வான். ஆனால் தகட்டின் உயரம் இறக்கையின் அகலத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் இருக்கும்போது, அதன் பின்னால் எதிரெதிராகச் சுழலும் இரு சிறு காற்றுச் சுழிகள் உருவாகின்றன. மறுபக்கத்தில் ஓடும் காற்று, பிரிந்து கலைந்துபோகாமல் விளிம்புவரை ஒட்டி ஓட அந்தச் சுழிகள் துணைசெய்கின்றன. அழுத்தும் விசை கணிசமாகக் கூடுகிறது. அதற்குக் கொடுக்கும் விலையோ சிறியது. டக்ளஸ் விமான நிறுவனத்தின் ராபர்ட் லீபெக் காற்றுச் சுரங்கத்தில் இதை அளந்து ஆய்வுக்கட்டுரை எழுதினார். பிறகு ஹெலிகாப்டர்களின் வால் இறக்கைகள்வரை அந்தப் பட்டை போய்ச் சேர்ந்தது. விமானத்திலிருந்து காருக்கு அறிவு வருவது வழக்கம். இங்கே காரிலிருந்து வான்வெளிக்குப் போயிருக்கிறது.

கல்லூரியில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாதிரி இறக்கையின் விளிம்பில் மெல்லிய தகட்டுத் துண்டை இரட்டைப்பக்க ஒட்டுநாடாவால் ஒட்டிச் சோதித்தோம். அளவுமானியின் முள் நகர்ந்ததைக் கண்டு, ஒட்டியது பிடுங்கிக்கொண்டு கருவியில் எங்கோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து விசிறியை நிறுத்திப் பார்த்தோம். தகடு இடத்திலேயே இருந்தது.

ஒரு துணுக்கு: இது எதற்கு என்று மற்ற அணியினர் கேட்டபோது, காரைத் தள்ளும்போது இறக்கையின் கூரிய விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்கத்தான் என்று கர்னியின் ஆள்கள் சொல்லி வைத்தார்களாம். அதை நம்பியோ நம்பாமலோ, தகட்டைத் தலைகீழாகப் பொருத்திப் பார்த்த அணியினரும் இருந்தார்கள்.

குறுக்குக்கேள்வி – 17 சனவரி 2018, மதியம்

எல்லோரும் மாலை சூட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நான் எதிர்வாதம் பேசினால் தவறாக எண்ண வேண்டாம். நாஸ்காரில் கர்னி ஐந்து வெற்றிகள் பெற்றார். ஐந்தும் ஒரே தடத்தில்: கலிபோர்னியாவின் ரிவர்சைடு. 1963 முதல் 1966 வரை தொடர்ந்து நான்கு முறை, பிறகு 1968ல் ஒருமுறை. ரிவர்சைடு இடமும் வலமுமாக வளையும் சாலைத் தடம். அதோடு, கர்னி இளமையில் குடிவந்த ஊரும் அதுவே. நாஸ்காரின் முறையான ஓட்டுநர்களோ ஆண்டு முழுவதும் நீள்வட்டத் தடங்களில் இடப்பக்கமாக மட்டுமே திரும்பிப் பழகியவர்கள். தன் வீட்டுத் திண்ணையில் வந்தவர்களை வென்றதை எப்படி நாஸ்கார் வல்லமை என்று சொல்வது? இண்டி கார் வெற்றிகளும் பெரும்பாலும் சாலைத் தடங்களில் வந்தவையே.

இரண்டாவது, அந்தக் காலத்தில் எல்லோருமே எல்லாவற்றையும் ஓட்டினார்கள். ஜிம் கிளார்க் இண்டியனாபோலிஸில் வென்றார். ஆண்ட்ரெட்டி 1967ல் நாஸ்காரின் டேட்டோனா 500 வென்றார். ஃபாய்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பார்னெல்லி ஜோன்ஸ் இண்டியும் வென்று, பாஹா பாலைவனப் பந்தயமும் வென்றவர். ஓட்டுநர்களுக்குச் சம்பளம் குறைவு. வாரந்தோறும் கிடைத்த காரில் ஏறினால்தான் பிழைப்பு. அதை வல்லமை என்பதா, வயிற்றுப்பாடு என்பதா?

பழையஏடு – 17 சனவரி 2018, மாலை

குறுக்குக்கேள்வி தம் பெயருக்கு நியாயம் செய்திருக்கிறார். ரிவர்சைடு குறித்த வாதத்தை ஏற்கிறேன், பாதி அளவுக்கு. நீள்வட்டத்தில் அவர் வென்றதில்லை என்பது உண்மை. ஆனால் 1963 டேட்டோனா 500 பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலும், அன்றைய நாஸ்கார் கார் சாலைத் தடத்தில் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். கனத்த உடல், ஒரு சில சுற்றுகளிலேயே சூடேறித் தளரும் டிரம் பிரேக். ஐந்நூறு மைல் தூரத்துக்கு அந்தப் பிரேக்கைக் கட்டிக்காத்து வருவது தனிக்கலை.

அந்தக் கலை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது வேதனையான கதை. 1960ல் ஹாலந்தின் சாண்ட்வூர்ட்டில் அவர் ஓட்டிய பி.ஆர்.எம். காரின் பின்பிரேக் வேகமான நேர்ப்பகுதியின் முடிவில் செயலற்றுப் போனது. கார் தடத்தைவிட்டுப் பாய்ந்தது. பார்வையாளர் நிற்கக் கூடாத இடத்தில் நின்றிருந்த ஓர் இளைஞர் இறந்துபோனார். கர்னிக்குக் கை முறிந்தது. அந்தச் சாவு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அதன் பிறகு, வளைவு வருவதற்கு வெகு முன்பே பிரேக்கை ஒருமுறை இலேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்கிறது என்று உறுதியான பின்னரே வளைவை நோக்கி விடும் பழக்கம் அவருக்கு வந்தது. பொறியாளர் சொல்வதை அப்படியே நம்பாமல் தாமே குனிந்து பார்க்கும் வழக்கமும் அப்போது வந்ததுதான். தம் கார்களை ஓயாமல் நோண்டிக் கெடுத்துக்கொண்டார் என்று அவரைக் குறைசொன்னவர்கள் உண்டு. பிரேக் இல்லாத காரில் ஒருமுறை அமர்ந்தவரின் கை சும்மா இருக்காது.

மழைத்தடம் – 17 சனவரி 2018, இரவு

சாண்ட்வூர்ட் விபத்தை நான் மறந்தே போயிருந்தேன். என் முதல் கேள்வியின் தொனியைச் சற்றே திருத்திக்கொள்கிறேன்.

குறுக்குக்கேள்வியின் 'எல்லோரும் எல்லாவற்றையும் ஓட்டினார்கள்' என்ற வாதத்துக்கு மட்டும் என் பதில். உண்மை, கிளார்க் இண்டியனாபோலிஸில் 1965ல் வென்றார். ஆனால் கிளார்க் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்? 1962ல், எஞ்சினைப் பின்னால் வைத்த லோட்டஸ் 25 காரின் ஓடு போன்ற சேசியைக் கண்ட கர்னிதான், இண்டியனாபோலிஸில் இன்னும் எஞ்சினை முன்னால் வைத்த கனத்த கார்கள் ஓடிக்கொண்டிருப்பதை லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனிடம் எடுத்துச் சொல்லி, பயணச்சீட்டையும் தாமே ஏற்பாடு செய்து, அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்துப் பந்தயத்தைக் காட்டினார். அதன் பிறகு ஃபோர்டு நிறுவனத்தாரிடமும் அவரை அழைத்துச் சென்றார். 1963ல் லோட்டஸ்-ஃபோர்டு கார்கள் வந்தன. கிளார்க் இரண்டாமிடம், கர்னி ஏழாமிடம். 1965ல் கிளார்க் வென்றபின், எஞ்சினை முன்னால் வைத்த எந்தக் காரும் அங்கே வென்றதில்லை. ஒரு நூற்றாண்டின் பாதியை எட்டிய வழக்கம் மூன்று ஆண்டுகளில் சரிந்தது. ஓட்டுநர்கள் பலர் கடல் கடந்தார்கள். கடல் கடந்து பார்த்ததைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஒருவர். நண்பர் நான்காம்கியர் சொன்ன அடுத்த வீட்டு அடுப்பு இதுதானே?

நான்காம்கியர் – 17 சனவரி 2018, இரவு

இதேதான். நானே இவ்வளவு தெளிவாக எழுதவில்லை. முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசமும் அப்படிப்பட்டதே: 1968ல் இண்டியனாபோலிஸிலும் பிறகு மழையும் மூடுபனியும் சூழ்ந்த நூர்புர்கிரிங்கிலும் அதை அணிந்து வந்து, பார்முலா ஒன்னுக்கு அதை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். மற்றவர்கள் முதலில் விநோதமாகப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அது இல்லாத ஓட்டுநரைத்தான் விநோதமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

1968 இண்டியனாபோலிஸ் முடிவையும் இங்கே பதிய வேண்டும். முதலிடம் பாபி அன்சர், இரண்டாமிடம் கர்னி, நான்காமிடம் ஹல்ம். மூவரும் ஓட்டியது ஈகிள். தாம் கட்டி விற்ற காரிடமே தோற்றார். அவர் வருந்தியிருப்பாரா, மகிழ்ந்திருப்பாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஓரவரிசை – 18 சனவரி 2018, காலை

நான் பெரும்பாலும் படிப்பவள், எழுதுவது குறைவு. மேடையில் ஷாம்பேன் பீய்ச்சும் வழக்கத்தைத் தொடங்கியவரும் இவர்தான் என்று எங்கோ படித்தேன். சரியா? அதற்கு முந்தைய ஆண்டே வேறொருவர் செய்தார் என்றும் சொல்கிறார்களே?

பழையஏடு – 18 சனவரி 2018, காலை

இரண்டுமே சரிதான், அம்மா. 1966 லே மானில் ஓட்டுநர் ஜோ சிஃபர்ட்டின் கையிலிருந்த புட்டி வெயிலில் சூடேறித் தானாகவே தக்கையைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சியடித்தது, அது விபத்து. 1967ல் கர்னி மேடையில் நின்றபோது கீழே ஃபோர்டு நிறுவனத் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டும், அணியை நடத்திய கரோல் ஷெல்பியும், தம் காரைப் பற்றி அவநம்பிக்கையோடு எழுதிய பத்திரிகையாளர்களும் கூடியிருந்தார்கள். புட்டியை வேண்டுமென்றே குலுக்கி அத்தனை பேர்மீதும் அடித்தார். பிறகு அந்தப் புட்டியில் கையொப்பமிட்டு ஒரு புகைப்படக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் அதைப் பல ஆண்டுகள் வீட்டில் மேசை விளக்காக வைத்திருந்துவிட்டுக் கடைசியில் கர்னியிடமே திருப்பிக் கொடுத்தார்.

குறுக்குக்கேள்வி – 18 சனவரி 2018, மதியம்

லோட்டஸ் கதையின் முன்னால் என் இரண்டாம் வாதம் நிற்காது; திரும்பப் பெறுகிறேன். ரிவர்சைடு வாதம் அப்படியே நிற்கிறது.

பிற்காலத்துக் கர்னியைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் ஒரு வார்த்தை. 1978ல் இண்டி கார் அணி உரிமையாளர்களுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம், பந்தயத்தின் நிர்வாகத்தை உரிமையாளர்களே ஏற்க வேண்டும் என்று வாதிட்டது. இண்டி கார்ப் பந்தயங்களை நடத்திய கார்ட் (CART) அமைப்பு அதிலிருந்து பிறந்தது. நல்ல நோக்கம். ஆனால் அந்தப் பிளவின் மிச்சம் 1990களில் மீண்டும் வெடித்து இண்டி பந்தயத்தையே இரண்டாக உடைத்தது என்று நான் நினைக்கிறேன். இதற்கு அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் புகழஞ்சலிகளில் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். டொயோட்டாவுக்காக அவருடைய நிறுவனம் கட்டிய ஈகிள் மார்க் 3 ஸ்போர்ட்ஸ் கார் 1992லும் 1993லும் அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பை வென்றது. அதை மனமுவந்து பாராட்டுகிறேன்.

ஓரவரிசை – 18 சனவரி 2018, இரவு

பதிலுக்கு நன்றி ஐயா. இந்த இழையைப் படித்தபின் நானும் தேடிப் படித்ததில் ஒன்று மிகவும் பிடித்துப்போனது. 1962 பிப்ரவரியில் டேட்டோனாவில் நடந்த மூன்று மணி நேரப் பந்தயம். கர்னி லோட்டஸ் 19 காரில் வெகுவாக முன்னிலையில் இருந்தார். முடிய இன்னும் சில நிமிடங்களே இருக்கையில் எஞ்சின் உள்ளுக்குள் உடைந்தது. அவர் பிட்டுக்குப் போகவில்லை. ஓடிய வேகத்திலேயே காரை உருட்டிக்கொண்டு வந்து, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால், சாய்வான தடத்தின் மேல்விளிம்பில் நிறுத்தினார். கோட்டைக் கடந்துவிட்டால் இன்னொரு சுற்று ஓட வேண்டியிருக்கும். கடக்காவிட்டால் வெற்றி இல்லை. ஆகவே அங்கேயே அமர்ந்து கடிகாரத்தில் மூன்று மணி நேரம் முடியும்வரை காத்திருந்தார். மற்ற கார்கள் பக்கத்தில் சீறிக்கொண்டு போயின. நேரம் முடிந்து கொடி அசைந்ததும், ஸ்டியரிங்கைக் கீழ்நோக்கித் திருப்பி, ஸ்டார்ட்டர் மோட்டாரின் உந்தலிலும் சரிவின் இழுப்பிலும் உருண்டு கோட்டைக் கடந்தார். முதல் பரிசு அவருக்கே!

காற்றுக்கூடம் – 19 சனவரி 2018, காலை

அந்த மூன்று மணிப் பந்தயம்தான் வளர்ந்து இன்றைய டேட்டோனா 24 மணிப் பந்தயமாக நிற்கிறது. அடுத்த வாரம் 27ஆம் தேதி அது தொடங்குகிறது. பார்முலா ஒன் ஓட்டுநர் பெர்னாண்டோ அலோன்சோ முதன்முறையாக அதில் ஓட்டுகிறார். சென்ற ஆண்டு அவர் மொனாக்கோ கிராண்ட் பிரீயை விட்டுவிட்டு இண்டியனாபோலிஸுக்குப் போனபோது உலகமே வியந்தது. 27 சுற்றுகள் முன்னிலை வகித்துவிட்டு எஞ்சின் புகைந்து நின்றார். கர்னி அதைப் பார்த்திருந்தால் எஞ்சின் புகைந்ததில் வியப்படைந்திருக்க மாட்டார்.

நம் நேரப்படி நள்ளிரவுக்குப் பின்தான் தொடக்கம். விழித்திருந்து பார்ப்பதாக இருக்கிறேன். கார்கள் முடிவுக் கோட்டை நோக்கி வரும்போது, கோட்டுக்குச் சற்று முன்னால் தடத்தின் மேல்விளிம்பைத்தான் என் கண் தேடும். ஓரவரிசை அம்மாவின் பதிவுக்கு முன் அந்த இடத்தை நான் கவனித்ததே இல்லை.